நாலு மணிக்குச் சிரிக்கும் எலிகள்

“எலி சிரிக்குமா, டாக்டரம்மா?”

“சிரிக்கும்.”

“அழுமா?”

“அழும். நம்ம காதுக்கு எட்டாது, அவ்வளவுதான். ரொம்ப உச்சத்துல இருக்கு அதோட குரல். அதைக் கீழே இறக்கி நமக்குக் கேக்க வைக்கத்தான் இந்தப் பெட்டி.”

செல்லக்கனி உமிக்கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, சுவரில் புதிதாக மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டியை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கதவுக்குப் பின்னால நின்னு எங்க மாமியா முப்பது வருசமா செஞ்ச வேலைல்லா இது? பேரு என்ன வச்சிருக்கிய?”

“செவிப்பெட்டி.”

“ஒட்டுக்கேக்கிற பெட்டின்னு வச்சா வெளங்கும்.”

சங்கரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ரொம்ப நாளாயிற்று என்பதும் உடனே நினைவுக்கு வந்தது.

திருநெல்வேலிக்கு வெளியே நாற்கரச் சாலையை ஒட்டி இருந்த அந்த மருந்து ஆய்வு நிலையத்தில் டாக்டர் சங்கரிக்கு இது பதினோராவது வருடம். விலங்குக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் செல்லக்கனிக்கு இருபதாவது வருடம். கூண்டு கழுவுவது, உமி மாற்றுவது, தண்ணீர்ப் புட்டி நிரப்புவது எல்லாம் அவள் பொறுப்பு. ஊசி போடுவதும் கணக்குப் பார்ப்பதும் சங்கரியின் பொறுப்பு.

“இதுக்கு முன்னாடி எலிக்கு மனச்சோர்வு இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிச்சோம்னு உங்களுக்குத் தெரியும்தானே? தண்ணி ஊத்தின கண்ணாடிக் குழாயில போடுவோம். நீந்தும், நீந்தும். ஒரு கட்டத்துல விட்டுட்டுச் சும்மா மிதக்கும். எவ்வளவு சீக்கிரம் விடுதோ அவ்வளவு சோர்வு.”

“ஓய்வு எடுத்திருக்கும்.”

“என்னது?”

“நாங்களுந்தான் ஆத்துல மல்லாந்து மிதப்போம். நல்லவேளை, அந்தப் பக்கம் நீங்க வரல. எங்களையும் தூக்கிட்டு வந்து ஊசி போட்டிருப்பிய.”

“அதனாலதான் குழாயைத் தூக்கிப் போட்டுட்டோம். இப்ப பெட்டி இருபத்து நாலு மணி நேரமும் கேக்கும். எந்தக் கூண்டு எவ்வளவு அழுது, எவ்வளவு சிரிக்குதுன்னு கணக்குப் போட்டு ஒரு எண்ணாச் சொல்லும். எண் கூடினா சோர்வு. குறைஞ்சா நல்லது.”

“என்ன மருந்து இந்தத் தடவை?”

“புதுசு இல்ல. ஆபரேஷன் தியேட்டர்ல ஐம்பது அறுபது வருஷமாப் போடுற மயக்க மருந்துதான். மயங்குற அளவுல பத்துல ஒரு பங்கு போட்டா மனச்சோர்வைத் தூக்கிருதுன்னு சொல்லுதாங்க. மாசக்கணக்குல மாத்திரை முழுங்கியும் தேறாதவங்களைக்கூட. அது நிஜமான்னு முதல்ல எலியில பாக்கணும்.”

“எலி தேறிட்டா?”

“மதுரையில மனுஷங்களுக்குப் போட்டுப் பாப்பாங்க. நாப்பது பேர் பேரைக் குடுத்துட்டுக் காத்திருக்காங்க.”

அந்த நாற்பதில் ஒரு பெயர் குமரகுரு என்பதை அவள் சொல்லவில்லை.

குமரகுரு சங்கரியின் தம்பி. ரயில் ஓட்டுகிறவன். ஏழு மாதத்துக்கு முன் ஒரு விடிகாலை, வள்ளியூர் தாண்டி, அவன் வண்டிக்கு முன்னால் தண்டவாளத்தில் ஓர் ஆள் வந்து நின்றார். அந்த வேகத்தில் பிரேக்கைப் போட்டாலும் வண்டி நிற்க முக்கால் கிலோமீட்டர் ஆகும். இவ்வளவுதான் சங்கரிக்குத் தெரியும், அதுவும் ரயில்வே அறிக்கையைப் படித்து. அவன் ஒன்றும் சொல்லவில்லை. விடுப்பில் வந்து அக்கா வீட்டு மாடியறையில் படுத்தவன், சோறு வைத்தால் சாப்பிட்டான், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தான். மூன்று விதமான மாத்திரை கொடுத்துப் பார்த்தாகிவிட்டது.

செவிப்பெட்டியின் அண்ணன்தம்பி மாதிரி, மனிதக் குரலைக் கேட்டு எண் சொல்லும் ஒன்று அப்போது எல்லோருடைய கைப்பேசியிலும் வந்துவிட்டிருந்தது. சோர்வெண் என்று அதற்குப் பெயர். வேலைக்கு எடுப்பவர்கள் கேட்டார்கள், பெண் கொடுப்பவர்கள்கூட ஜாதகத்தோடு சேர்த்துக் கேட்டார்கள். ரயில்வேயின் விதி, எண் நாற்பதுக்குக் கீழே இறங்கினால்தான் மறுபடி இஞ்சினில் ஏறலாம். அதனால் திங்கட்கிழமைதோறும் குமரு ஐந்து நிமிடம் கைப்பேசியில் பேசியாக வேண்டும். அவன் பேசமாட்டான். பழைய ரயில் கால அட்டவணையை எடுத்து வாசிப்பான். “நாங்குநேரி, ஐந்து நாற்பத்தெட்டு. வள்ளியூர், ஆறு ஐந்து.” கைப்பேசிக்கு அது போதும். வார்த்தை அதற்குத் தேவையில்லை, குரல் இருந்தால் சரி. எண்பத்தொன்று என்று சொல்லிவிடும். சங்கரியின் கைப்பேசிக்கும் அந்த எண் வந்துவிடும்.

எப்படிடா இருக்க என்று தம்பியிடம் கேட்பதை எப்போது நிறுத்தினோம் என்று அவளுக்கு நினைவில்லை. எண்தான் வந்துவிடுகிறதே.

*

சோதனை நியமப்படி நடந்தது. இருபத்து நாலு எலிகளைத் தனித்தனிக் கூண்டில் வைத்து, உமியை நனைத்து, கூண்டைச் சரித்து, தூங்கும் நேரத்தில் விளக்கைப் போட்டு, அவற்றைச் சோர்வுக்குத் தள்ளினார்கள். பெட்டியின் திரையில் எல்லாக் கூண்டும் நீலத்துக்குப் போனது. நீலம் என்றால் அழுகை, பச்சை என்றால் சிரிப்பு. பிறகு பன்னிரண்டுக்கு மருந்து, பன்னிரண்டுக்கு வெறும் உப்புத் தண்ணீர். எதற்கு எது என்று ஊசி போடும் சங்கரிக்கும் தெரியாது. அந்தப் பட்டியல் ஒட்டிய கவரில், இயக்குநர் தேவசகாயத்தின் பீரோவில் இருந்தது. ஊசி தொடங்கியபின் திரையையும் அவர் மட்டும்தான் பார்ப்பார்.

மூன்று வாரம் கழித்து அவர் கவரைப் பிரித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார்.

“மருந்து போட்டது நல்லா வந்திருக்கு, சங்கரி.”

“நெனச்சேன் சார். பாதிக் கூண்டு பச்சையாயிருக்கும்.”

“பாதி இல்லம்மா. எல்லாமே பச்சையாயிருக்கு. உப்புத் தண்ணியும் அதே அளவுக்கு நல்லா வந்திருக்கே?”

சங்கரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அப்படின்னா மருந்துக்கு மதிப்பே இல்லன்னு ஆயிருமே சார்.”

“அப்படித்தான் ஆகும். உப்புத் தண்ணியை ஜெயிக்காத மருந்தை மதுரைக்காரன் மனுஷனுக்குப் போடுவானா? இந்த வாரமே மூடிருவான்.” அவருக்குக் குமருவைப் பற்றித் தெரியும். அதனால் அதற்குமேல் அவள் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார். “இங்க பாரு. இது என்ன?”

தினமும் ஒரே நேரத்தில், உப்புத் தண்ணீர்க் கூண்டுகள் பன்னிரண்டிலும், ஒன்று மாற்றி ஒன்றாகச் சிரிப்பு எழும்பியிருந்தது. பதினைந்து, இருபது நிமிடம். தினமும் நாலு மணிக்கு.

“நாலு மணிக்கு அங்க யாரு?”

“யாரும் இல்ல சார். நாலு மணிக்கு நாம எல்லாரும் உங்க ரூம்ல கூட்டத்துலல்லா இருக்கோம்.”

“அது சரி, கூட்டத்துல யாரும் சிரிக்க வாய்ப்பில்ல,” என்றார் தேவசகாயம். “செல்லக்கனி?”

“அவங்க உமி மாத்துற நேரம். ஆனா அது எல்லாக் கூண்டுக்குந்தானே?”

பெட்டி மனிதப் பேச்சைப் பதிவில் காட்டாது. சட்டம் அப்படி. வடிகட்டித் தள்ளிவிடும், ஆனால் தொண்ணூறு நாளைக்கு அழிக்காது. சோதனையில் கோளாறு என்று பொறுப்பாளர் கையெழுத்திட்டால் திறந்து கேட்கலாம். பொறுப்பாளர் சங்கரிதான். கையெழுத்துப் போட்டு, காதில் மாட்டிக்கொண்டு, முந்தின நாள் நாலு மணியைத் திறந்தாள்.

முதலில் தொலைபேசி மணி. எலியறைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது, பெட்டிக்கு இடைஞ்சல். அதனால் சுவரில் நீளமான வயரோடு பழைய தொலைபேசி ஒன்று உண்டு.

“சொல்லுங்க… ம்… ம். சாப்பிட்டியளா?… என்ன, ரசமும் அப்பளமுமா? அது காய்ச்சக்காரன் சாப்பாடுல்லா.”

உமி சரசரத்தது. கூண்டுக் கதவு திறந்தது.

“இப்பவா? மடியில ரெண்டு கெடக்கு. ஏழும் ஒம்பதும். ஏழுக்கு வயித்துல விரலை வச்சாப் போதும், காலை உதறிட்டு மல்லாந்துரும்… கடிக்காது, தம்பி. உங்களை மாதிரிதான், கூச்சம் ஜாஸ்தி.”

கூடவே பெட்டி கீழே இறக்கித் தந்த எலியின் குரல், தண்ணீருக்குள் மணி குலுக்கியது போல.

அப்புறம் பேச்சே இல்லை. அந்தப் பக்கம் யாரோ பேசுகிறார்கள். இந்தப் பக்கம் செல்லக்கனி ம் கொட்டுகிறாள். அவ்வளவுதான். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நாலு நிமிடம். ஒவ்வொரு ம்மும் ஒவ்வொரு மாதிரி. ஒன்று அப்படியா என்றது. ஒன்று அப்புறம் என்றது. ஒன்று எதையுமே கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து மட்டும் இருந்தது.

“முக்கா கிலோமீட்டர் ஆவும்னா, தம்பி, உங்க கையில என்ன இருக்கு?”

சங்கரி காதிலிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாள். பிறகு மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“அவரு உங்களைப் பாத்தாரா?… ம்… பாத்து?”

உமி சரசரப்பது நின்றது.

“அழுங்க. நான் எங்கயும் போவல. உமியைப் பெறவு மாத்திக்கிடலாம்.”

*

“ஆமா, தூக்கி வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்,” என்றாள் செல்லக்கனி. மறைக்கிற முகமே இல்லை. “தப்பா?”

“அந்தப் பன்னெண்டை மட்டும் எப்படி? எது உப்புத் தண்ணின்னு எனக்கே தெரியாதே. கவர்ல போட்டு ஒட்டி சார் பீரோவுல வச்சுப் பூட்டியிருந்துச்சே!”

“இதுக்குக் கவரா? ஊசி போட்டுட்டு நீங்க கையைக் கழுவிட்டுப் போயிருதிய. நான் இங்கதான நிக்கேன்? பத்து நிமிசத்துல பன்னெண்டு தள்ளாடுது, கல்யாண வீட்டுல குடிச்ச சின்ன மாமனாரு மாதிரி. பன்னெண்டு நேரா நடக்குது. மயக்க மருந்து யாருக்குன்னு பச்சைப்பிள்ளைக்குத் தெரியும்.”

இரண்டு பட்டம் வாங்கியவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

“மருந்து வாங்கினதுக்கு மருந்து இருக்கு, டாக்டரம்மா. இதுகளுக்கு என்ன இருக்கு? ஈர உமியில தனியாப் போட்டு, தூங்கவிடாம அடிச்சு, கடைசியில ஏமாத்து ஊசி. யாராச்சும் ஒருத்தர் பாக்கணும்லா?”

“என் தம்பி எப்ப இருந்து கூப்பிடுதான்?”

செல்லக்கனி நிமிர்ந்து பார்த்தாள். பெட்டி தன்னையும் கேட்டிருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“மூணு வாரமா. முதல்ல உங்களைத்தான் கேட்டாரு. கேஸ் சிலிண்டர் வந்திருக்கு, புக் எங்கன்னு. நீங்க கூட்டத்துல இருக்கியன்னேன். அக்கா, எலி கடிக்காதான்னு கேட்டாரு. மறுநாளும் கூப்பிட்டாரு. அதுக்கு மறுநாளும்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“உங்க வீட்டுப் பிள்ளை உங்ககிட்டச் சொல்லாமலா இருக்கும்னு நெனச்சேன்.”

போன இரண்டு திங்களாக எண் இறங்கியிருந்தது. எழுபத்தொன்பது. பிறகு எழுபத்து நாலு. சங்கரி அதைப் பார்த்திருந்தாள். கருவிக்கு இந்த அளவு ஏற்ற இறக்கம் சகஜம் என்று நினைத்திருந்தாள்.

“உங்ககிட்ட என்ன சொன்னான்? அந்த ஆள் இவனைப் பாத்து என்ன செஞ்சாராம்?”

“அதை நான் எப்படிச் சொல்ல, டாக்டரம்மா? என்கிட்டச் சொன்னதுல்லா. நீங்க கேளுங்க, சொல்லுவாரு.”

*

அன்று மாலை வரை சங்கரி திரையின் முன் உட்கார்ந்திருந்தாள். ஒரு வழி இருந்தது. உப்புத் தண்ணீரில் நன்றாகத் தேறிய ஐந்து எலிகளை ‘நோய்வாய்ப்பட்டவை’ என்று நீக்கினால் மருந்து ஜெயித்துவிடும். யாரும் கேட்கமாட்டார்கள். மதுரை அடுத்த மாதம் தொடங்கும். குமரு அந்த வரிசையில் மூன்றாவது. அந்த ஐந்து எலிகளின் வரிகளைத் தேர்ந்தெடுத்து அழிக்கும் பொத்தான் மேல் விரலைக்கூட வைத்தாள்.

மருந்து உண்மையில் வேலை செய்யாவிட்டால்? தேறாதவன் ஒருவன், கடைசி நம்பிக்கை என்று கையை நீட்டி, வெறும் பொய்யை உடம்பில் ஏற்றிக்கொள்வான். அந்த ஒருவன் தன் தம்பியாகவும் இருக்கலாம்.

விரலை எடுத்துக்கொண்டு தேவசகாயத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். தொலைபேசியையும் சேர்த்து. அவர் சிரிக்கவில்லை.

“ஒரு விரலும் ஒரு ம்மும் நம்ம மருந்துக்குச் சமமா நின்னிருக்கு.”

“ஆமா சார்.”

“அதையே எழுதிப் போடலாமே?”

“போடலாம். ஆனா அதை யாரு மாத்திரையா உருட்டுவா? மருந்து தேவைப்படுறவங்க இருக்காங்க சார். விரல் எட்டாத எடத்துல இருக்கிறவங்க. மறுபடி செய்யணும். புது எலி, ஆறு வாரம். யாரும் தொடக் கூடாது.”

“மதுரை?”

“தள்ளிப் போகும்.”

“குமரு?”

“அவனுக்கும் தள்ளிப் போகும்.”

மறுநாள் செல்லக்கனி கேட்டது ஒரே கேள்வி.

“அப்ப உங்க மருந்து நிக்கணும்னா, அந்தப் பன்னெண்டும் ஆறு வாரம் அழணும். அழுகையை நிறுத்த யாரும் வரக் கூடாது. அப்படித்தான?”

“அப்படித்தான்.”

“நல்லதுக்குத்தான் செய்யிதிய. தெரியுது.” உமிக்கூடையைத் தரையில் வைத்தாள். “என்னை முயல் பக்கம் போட்டுருங்க. நான் இருந்தா என் கை கேக்காது. பெறவு உங்களுக்கு மூணாவது தடவையும் எலி வாங்க வேண்டி வரும்.”

“தம்பிகிட்டச் சொல்லிட்டீங்களா?”

“சொல்லல. நாலு மணிக்கு மணி அடிக்கும். எடுக்கதும் எடுக்காததும் உங்க பாடு.”

*

புது எலிகள் வந்த இரண்டாம் வாரம் எல்லாக் கூண்டும் நீலத்துக்குப் போயின. உமி மாற்றும் வேலையைச் சங்கரியே எடுத்துக்கொண்டாள். தன் கையைத் தன்னால் நம்ப முடியும் என்று நினைத்தாள். பெட்டியின் ஒலிபெருக்கியையும் போட்டு வைத்தாள். செய்யச் சொன்னது நான், நானே கேட்கிறேன் என்று தேவசகாயத்திடம் சொல்லியிருந்தாள். நாலு மணிக் கூட்டத்துக்கு இனி வர முடியாது என்றும்.

தொலைபேசியை அதுவரை அவள் எடுக்கவில்லை. தினமும் நாலு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை மணி அடித்து நின்றுவிடும். எடுத்து என்ன சொல்வது? உன் மருந்தை நான்தான் தள்ளிப் போட்டேன் என்றா, உன் நாலு மணியையும் நான்தான் எடுத்துவிட்டேன் என்றா? அந்தத் திங்கட்கிழமை கைப்பேசியில் எண் வந்தது. எண்பது.

செவ்வாய்க்கிழமை, மூன்றாவது தடவை மணி அடித்தபோது எடுத்தாள்.

“அக்கா!” என்றான் குமரு.

எந்த அக்கா என்று தெரியவில்லை. அந்தக் குரலை மாதக்கணக்காக அவள் கேட்டதில்லை. அதில் உயிர் இருந்தது, கொஞ்சம் கோபம்கூட இருந்தது. செல்லக்கனி மாதிரியே சும்மா இருந்துவிடலாமா என்று ஒரு கணம் ஆசை வந்தது.

“ம்.”

“எங்க போய்ட்டிய இத்தனை நாளா? நான் என்னமோ ஏதோன்னு… ஏழு எப்படி இருக்கான்?”

“குமரு. நான்தான்.”



“செல்லக்கனி அக்கா எங்க?”

“முயல் பக்கம் இருக்காங்க. நல்லா இருக்காங்க. வச்சிராதல.”

“வைக்கல.” ஒலிபெருக்கியில் ஒரு குரல் எழுந்து அடங்கியது. “அது என்ன சத்தம்? யாரோ முனகுற மாதிரி?”

“எலி.”

“அழுதா?”

“ஆமா.”

“தூக்கேன், அக்கா.”

“தூக்கக் கூடாது. தூக்கினா மருந்து வேலை செய்யுதா, கை வேலை செய்யுதான்னு தெரியாமப் போயிரும். போன தடவை அப்படித்தான் ஆச்சு. அதான் உன் ஊசி தள்ளிப் போச்சு. நான்தான் தள்ளினேன்.”

“எத்தனை நாளைக்கு இது இப்படிக் கெடக்கும்?”

“இன்னும் நாலு வாரம்.”

“பாவம்.”

“பாவம்தான்.”

அவன் வைத்துவிடுவான் என்று நினைத்தாள். வைக்கவில்லை. சங்கரி வயரை இழுத்துக்கொண்டு வந்து கூண்டுகளுக்கு எதிரே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

“குமரு, அன்னைக்கு என்னல நடந்துச்சு?”

“உனக்குத்தான் திங்கக்கிழமை திங்கக்கிழமை எண் வருதுல்ல.”

“வருது. அதுல ஒண்ணும் எழுதியில்ல. நீ சொல்லு.”

“எங்க இருந்து?”

“வண்டி கெளம்புனதுல இருந்து.”

தொண்டையைச் செருமிக்கொண்டான். நாகர்கோவிலில் இஞ்சின் மாற்றியதில் ஆரம்பித்தான். கூட இருந்தவன் பிளாஸ்கில் டீ கொண்டுவந்ததையும், அதில் சர்க்கரை இல்லாததையும் சொன்னான். ஆரல்வாய்மொழிக் காற்றைச் சொன்னான். சொல்லச் சொல்ல வேகம் குறைந்தது. வள்ளியூர் சிக்னல் பச்சையாக இருந்தது என்றான். அதை மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் சங்கரி ம் கொட்டினாள்.

ஒலிபெருக்கியில் ஏழாம் கூண்டு விசும்பியது. சங்கரியின் வலது கை தானாக எழுந்து கூண்டுக் கம்பியைத் தொட்டுவிட்டது. சடக்கென்று இழுத்துக்கொண்டாள். அந்தக் கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேலேயே அழுந்த உட்கார்ந்துகொண்டாள்.

“ஓரத்துலதான் நின்னாரு. விலகிருவாருன்னு நெனச்சேன். ஹாரன் அடிச்சேன். அவரு நடுவுல வந்து நிமிர்ந்து பாத்தாரு, அக்கா. என்னைத்தான் பாத்தாரு. பாத்து…”

“ம்.”

“மன்னிச்சிரு தம்பிங்கிற மாதிரி, என்னைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாரு.”

கை மரத்துப் போயிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

“ம்,” என்றாள்.